யார் வாக்களிப்பது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்: ஸ்கொட்லாந்துப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

நான் கிளாஸ்கோவில் வசிப்பவன். கையில் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. 2014 செப்டம்பர் 18ஆம் திகதி, ஸ்கொட்லாந்து தனி நாடாக வேண்டுமா என்று நீங்கள் கேட்ட கேள்விக்கு நானும் வாக்களித்தேன். ஆம் என்று போட்டேனா இல்லை என்று போட்டேனா என்று இந்த மடலில் தேடிப் பயனில்லை, வீட்டிலேயே சொல்லவில்லை. அந்தக் கேள்வி மறுபடி வந்தால் யாரிடம் கேட்கப்போகிறீர்கள் என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஏன் இப்போது என்று நீங்கள் கேட்கலாம். இரண்டாவது வாக்கெடுப்புக்கு 2023 அக்டோபர் 19 என்று உங்கள் அரசாங்கம் ஒரு நாளைக் குறித்திருந்தது. இலண்டன் ஒப்புதல் இல்லாமல் அப்படியொரு வாக்கெடுப்புக்குச் சட்டமியற்ற உங்களுக்கு அதிகாரமில்லை என்று 2022 நவம்பர் 23இல் உச்ச நீதிமன்றம் ஏகமனதாகச் சொன்னது. குறித்த நாள் வந்தது, போனது. இன்று கையில் திகதி இல்லை. ஆகவே வாக்காளர் இடாப்பைப் பற்றிப் பேச இதைவிட நல்ல காலம் கிடைக்காது. கேள்வியும் திகதியும் வந்த பிறகு வாக்காளர் இடாப்பில் கை வைத்தால், வைப்பவர் எந்தக் கட்சியானாலும், வெற்றிக்குத் தக்கபடி ஆட்களைப் பொறுக்குகிறார் என்றுதான் ஊர் பேசும். அப்படிப் பேசுவதும் நியாயம்தான்.

தேநீர்க் கடையிலும் வேலைத்தளத்திலும் சில காலமாக ஒரு பேச்சு காதில் விழுகிறது. "அடுத்த முறை இங்கே பிறந்தவர்கள் மட்டும் போடட்டும்." இதைச் சொல்பவர்களில் பெரும்பாலானோர் விடுதலையை விரும்புகிறவர்கள். அவர்கள் கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 2014க்குப் பின் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த ஆய்வின்படி, ஸ்கொட்லாந்தில் பிறந்தவர்களில் சுமார் 53 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். பிரித்தானியாவின் மற்றப் பகுதிகளில் பிறந்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் இல்லை என்றார்கள். வெளிநாட்டில் பிறந்த எங்களைப் போன்றவர்களில் 57 சதவீதம் பேர் இல்லை. மொத்த முடிவு உங்களுக்குத் தெரிந்ததுதான்: இல்லை 2,001,926, ஆம் 1,617,989. இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வந்தேறிகள்தான் தடுத்துவிட்டார்கள் என்று சொல்ல ஒருவருக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது.

இப்படிச் சொன்ன ஒரு பெரிய மனிதர் ஏற்கெனவே இருக்கிறார். 1995 அக்டோபர் 30இல் கியூபெக் மாகாணம் கனடாவிலிருந்து பிரிவது குறித்து வாக்களித்தது. பிரிவினைத் தரப்பு 54,288 வாக்குகளால் தோற்றது. ஒரு சதவீதத்துக்கும் சற்று மேல்தான் இடைவெளி. அன்றிரவே முதல்வர் ஜாக் பாரிசோ மேடையேறி, பணமும் இன வாக்குகளும் தங்களைத் தோற்கடித்துவிட்டன என்றார். மறுநாள் பதவி விலகுவதாக அறிவித்தார். இனிக் குடியேறியவர்களைத் தம் பக்கம் சேர்ப்பது எப்படி என்று அந்த இயக்கம் யோசிக்கும்போதெல்லாம் அந்த ஒரு வரி குறுக்கே வந்து நிற்கிறது. 2014 தோல்விக்குப் பின், ஆம் தரப்பை நடத்திய உங்கள் அப்போதைய முதலமைச்சர் அலெக்ஸ் சல்மண்டும் பதவி விலகினார். ஆனால் அவர் அப்படிப் பேசவில்லை. இதை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

2014 விதி எளிமையானது. வாக்கெடுப்புக்கு வழிவிட்ட எடின்பரோ உடன்படிக்கையில் 2012 அக்டோபர் 15இல் அப்போதைய பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரனும் சல்மண்டும் கையெழுத்திட்டார்கள். யார் வாக்களிப்பது என்பதை உங்கள் பாராளுமன்றம் 2013இல் தனிச் சட்டமாக்கியது. ஸ்கொட்லாந்தில் வசிக்கும் பிரித்தானியர், அயர்லாந்துக்காரர், ஐரோப்பிய ஒன்றியத்தினர், பொதுநலவாய நாட்டவர். வயது 16 போதும். 42 இலட்சத்து 83 ஆயிரம் பேர் இடாப்பில் இருந்தார்கள், 84.6 சதவீதம் பேர் வந்து போட்டார்கள். பாடசாலைச் சீருடையோடு வந்த பிள்ளைகளை அன்று நானே பார்த்தேன். அடுத்த ஆண்டே அந்த வயதை உங்கள் தேர்தல்களுக்கும் ஏகமனதாக நீட்டினீர்கள். பிள்ளைகள் விஷயம் அத்தோடு முடிந்துவிட்டது. அதில் நான் நேரம் போக்கவில்லை.

விதி எளிமையாக இருந்தாலும் அதன் விளைவுகள் சிலருக்கு விசித்திரமாகப்பட்டன. நடிகர் ஷோன் கொனரி எடின்பரோவில் பிறந்தவர், வாழ்நாள் முழுக்க விடுதலையை ஆதரித்தவர். பஹாமாஸில் வசித்ததால் வாக்கில்லை. கிளாஸ்கோவின் கோவனில் பிறந்த உதைபந்தாட்டப் பயிற்றுநர் அலெக்ஸ் பெர்குசன், இல்லை என்ற ஐக்கியத் தரப்புக்குப் பணம் கொடுத்தார். இங்கிலாந்தில் வசித்ததால் அவருக்கும் இல்லை. டென்னிஸ் வீரர் அண்டி மறே வாக்கெடுப்பு நாளன்று ஆம் தரப்புக்கு ஆதரவாக எழுதினார், எழுதத்தான் முடிந்தது. இங்கிலாந்தில் பிறந்து எடின்பரோவில் வாழும் எழுத்தாளர் ஜே. கே. ரோலிங்குக்கு வாக்கு இருந்தது. இலங்கை மலையகத்துத் தலவாக்கலையிலிருந்து வந்த எனக்கும் இருந்தது.

இதில் அநியாயம் இருக்கிறதென்று சொல்பவர்களை நான் தட்டிக் கழிக்கவில்லை. பிரித்தானியாவின் மற்றப் பகுதிகளில் வாழும், ஸ்கொட்லாந்தில் பிறந்தவர்கள் பல இலட்சம் பேர். வேலைக்காக மான்செஸ்டருக்குப் போய் இரண்டு வருடத்தில் திரும்பிவர நினைக்கும் ஒரு தாதிக்கு வாக்கில்லை, அவள் காலி செய்த வீட்டில் வந்து குடியேறியவனுக்கு வாக்கு என்றால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்த முடிவோடு மறுநாள் காலையிலிருந்து வாழப்போகிறவர் யார்? வரி எங்கே கட்டுவது, ஓய்வூதியம் எந்த நாணயத்தில் வரும், பிள்ளைக்குப் பல்கலைக்கழகக் கட்டணம் உண்டா இல்லையா என்பதெல்லாம் அந்த வீட்டில் இருப்பவனுக்குத்தான். நானும் ஊரை விட்டு வந்தவன்தான். 2024இல் இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் வெளிநாட்டில் இருந்தபடி வாக்களிக்க வழியில்லை. வருத்தமாக இருந்தது; அநியாயம் என்று தோன்றவில்லை. போர் துரத்தியவர்களின் கதை வேறு. 2011இல் தென் சூடான் வாக்கெடுப்பில் வெளிநாடுகளில் இருந்த தென் சூடானியருக்கும் வாக்குச்சாவடி திறந்தார்கள். அவர்கள் விரட்டப்பட்டவர்கள். பெர்குசனை யாரும் விரட்டவில்லை.

இங்கிலாந்து முழுக்க வாக்களிக்க வேண்டும் என்பவர்களும் உண்டு. கூட்டுக் குடும்பத்தில் ஒருவன் தனிக்குடித்தனம் போவதா என்பதை அவன்தான் தீர்மானிப்பான். பாகம் பிரிக்கும்போது எல்லோரும் உட்கார வேண்டும். கடன், நாணயம், பாஸ்லேன் கடற்படைத் தளத்தில் நிற்கும் அணுவாயுத நீர்மூழ்கிகள் எல்லாம் அந்தப் பாகப் பேச்சுக்கு உரியவை. அங்கே இங்கிலாந்து மக்களுக்குப் பேச அவர்களுடைய பாராளுமன்றம் இருக்கிறது. 2012இல் கமரனே ஒப்புக்கொண்ட விஷயம் இது.

சரி, பிறப்பு என்ற அளவுகோலுக்கு வருகிறேன். இது ஏன் எனக்கு நெருப்பாகச் சுடுகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது, உங்கள் நாட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

தலவாக்கலைப் பக்கம் ஹோலிரூட் என்று ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. உங்கள் பாராளுமன்றம் நிற்கும் இடத்தின் பெயர்தான். கின்கார்டின்ஷயரில் பிறந்த ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். கிளாஸ்கோக்காரர் தோமஸ் லிப்டன் 1890இல் வந்து தோட்டங்களை வாங்கினார். தோட்டங்களை நடத்திய துரைமார்களில் ஸ்கொட்லாந்துக்காரர்களுக்குக் குறைவே இல்லை. காட்டை வெட்டிக் கான் போட்டுக் கொழுந்து பறித்தவர்கள், கங்காணிமார் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கூட்டிவந்த எங்கள் ஆட்கள். 1931இல் இலங்கைக்குச் சர்வஜன வாக்குரிமை வந்தது. அதிலேயே பெயர் சொல்லாமல் எங்களைக் குறிவைத்து நிபந்தனைகள் போட்டார்கள்: இங்கேயே நிலையாக இருக்கப் போகிறவன் என்று காட்ட வேண்டும், அல்லது 5 ஆண்டு வதிவுக்குச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அதையும் தாண்டி 1947 தேர்தலில் தோட்டத்து ஆட்கள் வாக்களித்தார்கள். சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவில் வென்று பாராளுமன்றம் போனார். என் தாத்தாவும் அந்த முறை வாக்குப் போட்டவர்.

சுதந்திரம் 1948 பெப்ரவரியில் வந்தது. அதே ஆண்டு பிரசாவுரிமைச் சட்டமும் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்தவன் என்று காட்டு. இல்லாவிட்டால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழே பல வீடுகளில் இல்லை; பூட்டனுக்கு எங்கே போவது? அடுத்த ஆண்டு, பிரசைகளுக்கே வாக்கு என்று தேர்தல் சட்டத்தைத் திருத்தினார்கள். 1952 தேர்தலில் தாத்தாவின் பெயர் இடாப்பில் இல்லை. ஆள் அதே லயத்தில், அதே மலையில்தான் இருந்தார். வழக்குப் போட்டார்கள்; அது அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில் வரை வந்தது. 1953இல் சட்டம் செல்லும் என்று அங்கேயும் தீர்ப்பாயிற்று. பிறகு 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், எங்களில் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டது. இலங்கையில் கடைசியாக மிஞ்சிய நாடற்றவர்களுக்குப் பிரசாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

"இங்கே பிறந்தவர், அல்லது பெற்றோரில் ஒருவர் இங்கே பிறந்தவர்" என்று யாராவது ஒரு நகல் சட்டத்தோடு உங்களிடம் வந்தால், அதன் அடியில் 1948 இருக்கிறது என்பதை அடையாளம் காணுங்கள். ஸ்கொட்லாந்தில் அப்படி நடக்காது, இங்கே நிலைமை வேறு என்று சொல்வீர்கள். இருக்கலாம். கொழும்பிலும் 1947 வரை பலர் அப்படித்தான் நினைத்தார்கள்.

வேலை நடக்கும் விதத்தையும் பாருங்கள். உங்கள் வாக்காளர் இடாப்பில் பிறந்த இடம் என்று ஒரு கட்டமே கிடையாது. பிறப்பை அளவுகோலாக்கினால் 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் காகிதம் கேட்க வேண்டும். காகிதம் கேட்டால் யார் ஒதுங்குவார்கள் என்று ஸ்கொட்லாந்துக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1989இல், இங்கிலாந்துக்கு ஓராண்டு முன்பே, உங்கள் தலையில், ஆளுக்கு இவ்வளவு என்ற தலைவரியைக் கட்டினார்கள். கட்ட முடியாதவர்கள் இடாப்பிலிருந்தே மறைந்தார்கள். கால் நூற்றாண்டு கழித்து 2014 வாக்கெடுப்புக்காக அவர்களில் பலர் பெயர் பதிந்தபோது, அந்தப் புது இடாப்பை வைத்துப் பழைய பாக்கியை அறவிடலாம் என்று சில நகரசபைகள் கிளம்பின. நீங்கள் 2015இல் சட்டம் போட்டு அந்தக் கடனையே அழித்தீர்கள். இந்தப் பாராளுமன்றம் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று, அதிகம் பேசப்படாதது. 2018இல் வெளியே வந்த விண்ட்ரஷ் விவகாரமும் காகிதக் கதைதான். பத்துப் பத்து வருடமாக இங்கே உழைத்த கரிபியன் மக்களை ஆதாரம் எங்கே என்று கேட்டு அலைக்கழித்தார்கள்.

பிறப்பு வேண்டாம், வதிவு ஆண்டுகளை வைப்போம் என்பவர்கள், பசிபிக்கில் பிரான்ஸின் கீழ் உள்ள நியூ கலிடோனியாவைக் காட்டுகிறார்கள். (பெயரைப் பாருங்கள், கலிடோனியா என்பது ஸ்கொட்லாந்தின் பழைய பெயர்; 1774இல் கப்டன் குக் உங்கள் நாட்டின் நினைவாக வைத்தது.) அங்கே 2018, 2020, 2021 என மூன்று முறை விடுதலை குறித்து வாக்கெடுத்தார்கள். பொதுவாகச் சொன்னால், 2014 முடிவில் 20 ஆண்டு தொடர்ச்சியாக வாழ்ந்திருந்தால்தான் வாக்கு. முதல் முறை 56.7 சதவீதம், இரண்டாம் முறை 53.3 சதவீதம் இல்லை என்றார்கள். மூன்றாவதை அங்கத்துப் பூர்வகுடிகளான கனக் மக்கள் புறக்கணித்தார்கள். 96 சதவீதத்துக்கும் மேல் இல்லை என்று வந்தது, அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. 2024 மேயில், 10 ஆண்டு வாழ்ந்தவர்களுக்கு மாகாணத் தேர்தல் இடாப்பைத் திறந்துவிடப் பாரிஸ் முயன்றதும் தீவு பற்றி எரிந்தது. பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள்.

கனக் மக்களின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. பிரான்ஸ் தன் ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றி, அவர்களைச் சொந்த மண்ணிலேயே சிறுபான்மையாக்கியது. அந்த இடாப்பை உறையவைத்தது ஒரு காயத்துக்குப் போட்ட கட்டு. ஸ்கொட்லாந்தில் அப்படி யார் யாரைக் குடியேற்றினார்கள்? யோர்க்ஷயரிலிருந்து ஓய்வுக்கு வந்தவரும், கிரேஞ்ச்மவுத்தில் வேலை தேடி வந்த போலந்துக்காரரும், வைத்தியசாலையில் இரவுப் பணி செய்யும் கேரளத்துத் தாதியும் எந்த அரசாங்கத்தின் குடியேற்றத் திட்டத்தில் வந்தவர்கள்? குடியேற்றம் பற்றிப் பேசுவதானால் தேயிலைத் தோட்டத்துத் துரைமாரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

எதிர்த் தரப்பில் எனக்குச் சங்கடம் தருகிற ஒரு வாதமும் இருக்கிறது. 2020இல் நீங்கள் இயற்றிய சட்டப்படி, சட்டபூர்வ விசாவில் இங்கே வசிக்கும் எந்த நாட்டவரும் உங்கள் தேர்தல்களில் வாக்களிக்கலாம். அகதி அந்தஸ்துப் பெற்றவருக்கு வாக்கு உண்டு. ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு வந்து, பட்டம் வாங்கியதும் விமானம் ஏறப்போகும் மாணவருக்கும் உண்டு. அவர் ஒரு நாட்டின் தலையெழுத்தை எழுதலாமா? நேர்மையாகச் சொன்னால், கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. ஆனால் போன மாதம் லீட்ஸிலிருந்து வந்து அடுத்த வருடம் திரும்பப்போகும் பிரித்தானிய மாணவருக்கும் வாக்கு உண்டு, அவரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வதிவுக் காலம் வேண்டுமென்று நீங்கள் நினைத்தால் அது கடவுச்சீட்டின் நிறம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும்; அபர்டீனுக்குத் திரும்பிவரும் அபர்டீன்காரருக்கும் சேர்த்து. என்னைக் கேட்டால், 1931 ஞாபகம் இருப்பதால், எந்தக் காலமும் வேண்டாம் என்பேன்.

ஒரு பிரிவை விட்டுவிட்டு மற்றதைக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2016 போதும். ஜூன் 23இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவது பற்றிய வாக்கெடுப்பு. இலங்கைக் கடவுச்சீட்டோடு நான் போய் வாக்களித்தேன். எனக்கு மேல்மாடியில் நீண்ட காலமாக இருந்த போலந்துக் குடும்பத்துக்கு வாக்கில்லை. தங்கள் இருப்பே கேள்வியாக இருந்த ஒரு வாக்கெடுப்பில் அவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எதையும் இழக்காத நான் பெட்டியில் சீட்டைப் போட்டேன். ஸ்கொட்லாந்து 62 சதவீதம் இருப்போம் என்றது, அது எதையும் மாற்றவில்லை. அன்று மாடிப்படியில் அவர்களைச் சந்தித்தபோது வணக்கம் சொல்லவே கூச்சமாக இருந்தது.

இடாப்பை வைத்து விளையாடும் இன்னொரு விதத்தையும் சொல்லியாக வேண்டும். 1979 மார்ச் 1ஆம் திகதி, எடின்பரோவில் சட்டசபை வேண்டுமா என்று கேட்டார்கள். 1,230,937 பேர் ஆம், 1,153,502 பேர் இல்லை. வெற்றி ஆம் தரப்புக்கு. ஆனால் ஜோர்ஜ் கனிங்ஹாம் என்ற இலண்டன் தொகுதித் தொழிற்கட்சி உறுப்பினர், அவரும் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர்தான், இடாப்பில் உள்ள மொத்தப் பெயரில் 40 சதவீதம் ஆம் சொல்ல வேண்டுமென்று ஒரு திருத்தத்தைச் செருகியிருந்தார். ஆம் வாக்குகள் இடாப்பில் 32.9 சதவீதம்தான். இறந்தவர்களுக்கும் இரண்டு இடத்தில் பெயருள்ள மாணவர்களுக்கும் உத்தேசமாகக் கழித்த பிறகும் கணக்கு தேறவில்லை. காய்ச்சலில் படுத்திருந்தவன், ஊரில் இல்லாதவன், அலுப்பில் வராதவன் எல்லோரும் இல்லை என்று சொன்னவர்களாக எண்ணப்பட்டார்கள். அந்த மாத இறுதியிலேயே இலண்டனில் பிரதமர் கலகனின் அரசாங்கம் ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது. உங்கள் பாராளுமன்றம் வர மேலும் 20 ஆண்டு பிடித்தது. விழுந்த வாக்குகளில் இத்தனை சதவீதம் வேண்டும் என்பதாவது வாதிடத் தக்கது. 2006இல் மொன்டெனேக்ரோ அப்படி 55 சதவீதம் கேட்டு 55.5இல் தப்பியது. வராதவனை எண்ணுவது வாதத்துக்கே உரியதல்ல.

இனி நான் கேட்பது. உங்கள் பாராளுமன்றத் தேர்தலில் யார் வாக்களிக்கலாம் என்பதை மாற்ற, 129 பேரில் 86 பேர், அதாவது மூன்றில் இரண்டு பங்கு, சம்மதிக்க வேண்டும். வெளிநாட்டவர்களுக்கு வாக்குரிமை கொடுத்த 2020 சட்டம் அந்தத் தடையைத் தாண்டித்தான் வந்தது. ஆனால் அந்தக் காவல் தேர்தலுக்கு மட்டும்தான். நாட்டின் எதிர்காலத்தையே தீர்மானிக்கும் வாக்கெடுப்பில் யார் வாக்களிப்பது என்பதைச் சாதாரணப் பெரும்பான்மையால், ஒரு கட்சியும் அதன் துணையும் சேர்ந்து ஒரு பிற்பகலில் மாற்றிவிடலாம். சின்ன வாசலுக்குப் பூட்டு, பெரிய வாசல் திறந்து கிடக்கிறது. தேர்தலுக்கு உள்ள அதே இடாப்பே எந்த விடுதலை வாக்கெடுப்புக்கும் இடாப்பு என்று எல்லாக் கட்சிகளும் சேர்ந்து இப்போதே ஒரு பிரகடனம் செய்யுங்கள். மூன்றில் இரண்டு பங்கு இல்லாமல் அதில் கை வைப்பதில்லை, வாக்கெடுப்புச் சட்டமூலம் ஒன்று வந்த பிறகு எந்தப் பெரும்பான்மை இருந்தாலும் கை வைப்பதில்லை என்று அதில் எழுதுங்கள். அடுத்த பாராளுமன்றத்தை அது சட்டப்படி கட்டாது என்று உங்கள் சட்ட ஆலோசகர்கள் சொல்லக்கூடும். கட்டாவிட்டால் பரவாயில்லை. மீறுகிறவர் யார் என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருந்தால் போதும்.

இதைத் தமிழில் எழுதியது, இங்கே இடாப்பில் பெயருள்ள தமிழர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக. அவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் முகவரிக்கு ஒரு தொகுதி உறுப்பினரும் ஏழு பிராந்திய உறுப்பினர்களும், ஆக எட்டுப் பேர் இருக்கிறார்கள். எட்டுப் பேருக்கும் எழுதலாம். கடவுச்சீட்டு எதுவென்று அவர்கள் கேட்க முடியாது. ஆங்கிலப் பிரதியை என்னுடைய எட்டுப் பேருக்கும் இந்த வாரம் அனுப்புகிறேன். ஆம் தரப்பாரிடமும் இல்லை தரப்பாரிடமும் நான் கேட்பது ஒரே கேள்வி: அந்தப் பிரகடனத்தில் கையெழுத்திடுவீர்களா, மாட்டீர்களா?

இப்படிக்கு,
கிளாஸ்கோவில் வசிக்கும் மலையகத் தமிழன் ஒருவன்